முத்தட்டும் என்று காத்திருந்த கண்கள்

நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்னால் ஈரோடு மாவட்டத்து அந்தியூர்ப் பக்கத்தில் ஒருவருக்குக் கண் கெட்டுப்போனால் அது ஊருக்கே தெரியும். திண்ணையில் சாய்ந்திருக்கும் அப்பாருவின் கருவிழி நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு தோன்றும். வருடத்துக்கு வருடம் வெளுத்துக் கடைசியில் பால் நிறத்துக்கு வந்துவிடும். கரும்பு வெட்டப் போனவரின் கண்ணைக் கரும்பின் சோகை இலை அறுத்திருந்தால், புண் ஆறிய இடத்தில் வெள்ளையாகப் ‘பூ’ விழுந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் தடுக்கி விழும் பிள்ளைக்கு மாலைக்கண் என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். எதிரில் நிற்பவர் பார்த்தாலே கண்நோய் தெரிந்த காலம் அது.

இன்றைக்கு அந்தியூர் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். வெள்ளை விழுந்த கண்ணைக் காண்பது அபூர்வம். பவானிக்கும் ஈரோட்டுக்கும் ஏறுகிறவர்கள், பர்கூர் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், சந்தைக்கு வெற்றிலைக் கட்டோடு வந்தவர்கள் என்று எல்லோருடைய விழியும் கறுப்பாக, தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கறுப்புக்குப் பின்னால் யாருடைய விழித்திரையில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. பலசமயம் கண்ணுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. நோய் இப்படி உள்ளே போய் ஒளிந்துகொண்டுவிட்டது. நாமோ வெளியே தெரிந்த நோயிடம் கற்றுக்கொண்ட பழக்கத்தையே இன்னும் கடைப்பிடிக்கிறோம். எனக்குக் கவலை தருவது இதுதான்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சென்னையில் இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று அது. ஆனால் மலையடிவாரத்து அந்தியூருக்கு எழும்பூர் எட்டாத தூரம். கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் நீவி எடுக்கத் தெரிந்தவரைத் தேடிப் போவார்கள். சிவந்தால் தாய்ப்பால் விடுவார்கள், எரிந்தால் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு, அதற்கும் கேட்காவிட்டால் நந்தியாவட்டைப் பூவை ஒற்றி எடுப்பார்கள். அன்றைக்குக் கைக்கு எட்டியது அவ்வளவுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எச்சிலும் பாலும் புண்ணில் கிருமியைச் சேர்த்த கண்கள் நிறைய. ஆறியிருக்க வேண்டிய கீறல் பூவாக முடிந்தது அப்படித்தான்.

மாலைக்கண் போன கதை நல்ல கதை. அது வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வருவது. விழித்திரை மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்ய அந்தச் சத்து வேண்டும். பற்றாக்குறை முற்றினால் கருவிழியே உலர்ந்து உருகிப் போகும், அம்மை கண்ட பிள்ளைகளுக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். 1970-ல் மத்திய அரசு சிறுபிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ திரவத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயில் ஊற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தட்டம்மைக்கு ஊசி வந்தது, பள்ளியில் சத்துணவு வந்தது. வேலியோரத்து முருங்கைக்கீரையும் தன் பங்கைச் செய்தது. இன்றைக்கு அந்தியூரில் ஒரு பள்ளிப்பிள்ளையிடம் மாலைக்கண் என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லும். அந்த அறியாமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கண்புரையின் கதை நீளமானது. நம் பழக்கம் உருவானதும் அங்கேதான்.

வயதானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கலங்கிப்போவது புரை. அதற்கு மருந்தோ சொட்டோ கிடையாது, எடுத்துவிடத்தான் வேண்டும். 1960-களிலும் 70-களிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கண் அறுவைச் சிகிச்சை வந்தது முகாம் வடிவத்தில். பள்ளி விடுமுறை நாளில் வகுப்பறையைக் கழுவிவிட்டு, மேசையை ஒட்டிப்போட்டு, அதன்மேல் படுக்கவைத்துச் செய்தார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ.வெங்கடசாமி, அந்த விரல்களாலேயே கருவியைப் பிடிக்கப் பழகி, மதுரையில் அரசு மருத்துவராக இருந்தபடி ஊர் ஊராக முகாம் நடத்தியவர்களில் முன்னோடி. அந்த நாளைய சிகிச்சையில் லென்ஸை அதன் உறையோடு முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள், உள்ளே வேறொன்றை வைக்க வழியில்லை. சிகிச்சை முடிந்ததும் கண்ணைக் கட்டி, தலையின் இருபக்கமும் மணல் மூட்டை வைத்து, நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். இருமினாலும் தையல் விட்டுவிடும் என்று பயம். ஒரு மாதத்துக்கும் மேல் கழித்துக் கிடைப்பது சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் எல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, படிக்கட்டு எங்கே முடிகிறது என்று கால் தேடும். அந்தக் கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடுதான்.

இப்படிப்பட்ட சிகிச்சையைக் கொஞ்சம் பார்வை உள்ளவருக்குச் செய்தால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம். அதனால் மருத்துவர்களே சொன்னார்கள்: “இன்னும் முத்தட்டும், அப்புறம் வாங்க.” கண் முழுதாக வெளுக்கும்வரை காத்திருந்து, ஒரு கை விரலை எண்ணக்கூட முடியாத நிலை வந்தபிறகு முகாமுக்குப் போவது. அந்தக் காலத்துக்கு அது சரியான அறிவுரை. காத்திருந்தவர் பெரும்பாலும் எதையும் இழக்கவில்லை, முத்திய புரையை எடுத்ததும் பார்வை திரும்பக் கிடைத்தது. இரண்டு தலைமுறை இதைக் கண்ணாரப் பார்த்தது. கண் கெட்டால் அவசரம் இல்லை, முழுசாகக் கெடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கொங்குக் கிராமங்களில் பாட்டி பேத்திக்குச் சொல்லும் ஞானமாகவே ஆகிவிட்டது.

பிறகு எல்லாம் மாறியது. 1976-ல் ஓய்வுபெற்ற வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் வந்தது. அடுத்த வருடம் கோவையில் டாக்டர் ஆர்.வி.ரமணியும் அவர் மனைவியும் தொடங்கிய சேவை, 1985-ல் சங்கரா கண் மருத்துவமனையாக வளர்ந்தது. அரவிந்தின் கோவைக் கிளை 1997-ல் வந்தது. கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் 1980-களில் நூறு டாலருக்கு மேல் விற்ற இறக்குமதிச் சரக்கு. 1992-ல் மதுரையில் தொடங்கப்பட்ட ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கிக் காட்டியது. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனோடு ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. பள்ளிக்கூட மேசை அறுவைச் சிகிச்சை ஒழிந்தது. அந்தியூர் போன்ற ஊர்களில் முகாம் என்றால் பரிசோதனை மட்டும்தான் என்றானது. புரை உள்ளவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய், பெரிய மருத்துவமனையில் லென்ஸ் வைத்து, சாப்பாடு போட்டு, இரண்டொரு நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். மஞ்சள் பையோடு போன ஆத்தா பச்சைத் துணி மறைப்போடு திரும்பி, “உம்மூஞ்சி இப்படியா கறுத்துப்போச்சு கண்ணு” என்று பேரனைக் கேட்பது இந்தப் பக்கத்து வீடுகளில் சாதாரணக் காட்சி.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். புரை இன்னும் ஒழிந்துவிடவில்லை. 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66 சதவீதத்துக்குக் காரணம் புரையே. ஆனால் அதற்கு வழி தெரியும், லென்ஸ் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது. முத்தட்டும் என்று காத்திருக்கவும் இன்றைக்குத் தேவையில்லை. பேருந்துப் பலகை தெரியவில்லை, எதிர்வண்டி விளக்கு கூசுகிறது என்று தொந்தரவு தொடங்கியதுமே செய்துகொள்ளலாம். கல்லாக முத்திய புரையை எடுப்பதுதான் சிரமம்.

காத்திருக்கும் பழக்கம் கண்ணைக் கொல்வது சர்க்கரை வியாதியிடம்.

அந்தியூரில் சர்க்கரை வியாதியைப் பணக்கார வியாதி என்று சொன்ன காலம் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம்.விஸ்வநாதன் 1948-ல் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது, அப்படி ஒரு பிரிவு எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இங்கே வீடுகளில் அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சோளச்சோறும்தான். நெல்லுச்சோறு நோம்பிக்கு. கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர், ஏர் பிடித்தவர், மலைக்குப் பட்டி மாட்டை ஓட்டிப் போனவர் என்று உடம்பு நாள் முழுதும் உழைத்தது. இப்போது மோட்டார் தண்ணீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, மூன்று வேளையும் வெள்ளை அரிசி. 2011 முதல் ரேஷனில் அது இலவசமாகவே கிடைக்கிறது. பசியைப் போக்கிய அந்த அரிசியை நான் ஒருநாளும் தூற்றமாட்டேன். ஆனால் உழைப்பு குறைந்த உடம்புக்கு அதே அளவு சோறு என்ன செய்யும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானபோது நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர்.

இதில் கொங்குப் பக்கத்துக்கென்று ஒரு தனித் தவறு உண்டு. கூப்பிடு தூரத்தில் கவுந்தப்பாடி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச்சர்க்கரை அனுப்பும் சந்தை. ஆப்பக்கூடல் ஆலையின் வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கொப்பரையில் காய்ச்சிய நாட்டுச்சர்க்கரை உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று சர்க்கரை நோயாளிகளே காபியில் இரண்டு கரண்டி போட்டுக் குடிக்கிறார்கள். ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான். நாட்டுச்சர்க்கரையில் கொஞ்சம் இரும்பும் தாதுவும் கூட இருக்கலாம், ரத்தத்தில் ஏறும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. கரும்பு விளைவிக்கிற ஊரில் இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் உடம்பின் மிக மெல்லிய ரத்தக்குழாய்கள் முதலில் நைந்துபோகின்றன. மிக மெல்லிய குழாய்கள் இருப்பது சிறுநீரகத்திலும் விழித்திரையிலும். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் படலம், வெளிச்சத்தைப் பார்வையாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அதுதான். நைந்த குழாய்கள் அங்கங்கே குமிழ்போல் புடைக்கும், நீரும் கொழுப்பும் கசியும், ரத்தப் பொட்டுகள் தோன்றும். இந்தக் கட்டத்தில் பார்வை நூற்றுக்கு நூறு இருக்கலாம். எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடுவார். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர்வடிதல் இல்லை. கசிவு விழித்திரையின் நடுமையத்துக்கு வந்து வீங்கினால்தான் எழுத்து கோணுகிறது, முகம் மங்குகிறது. இன்னொரு பக்கம், குழாய் அடைபட்டு ரத்தம் போதாத இடங்களில் கண் புதுக்குழாய்களை முளைக்கவைக்கிறது. அவசரத்தில் போட்ட குழாய்கள் அவை, உறுதி கிடையாது. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அப்புறம் அந்த இடங்கள் தழும்பாகிச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

பெரும்பாலும் நடப்பது இப்படித்தான். பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை போடும் ஒருவர். மஞ்சள் காட்டுக்கும் வீட்டுக்கும் டி.வி.எஸ். வண்டியில் போய்வருகிறார். கண் டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டால், “கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது, எதுக்குங்க?” என்பார். ஒரு காலையில் எழுந்ததும் ஒரு கண்ணுக்குள் கறுப்பாக நூல் நூலாக ஏதோ மிதக்கும். “ஒட்டடையாட்டத் தொங்குதுங்க” என்பார். கண்ணைக் கசக்குவார், கழுவுவார், மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுவார். நாலைந்து நாளில் அந்தக் கண் செந்நிற இருட்டாகிவிடும். அதன்பிறகுதான் பேருந்து ஏறுகிறார். நேற்றுவரை நன்றாகத் தெரிந்த கண் எப்படி இப்படியானது என்று அவருக்கு விளங்குவதில்லை. உள்ளே நாலைந்து வருடமாக நடந்துவந்தது அது என்று மருத்துவர் சொன்னால் நம்பவும் முடிவதில்லை.

மருத்துவம் இல்லாமல் இல்லை. நடுமைய வீக்கத்துக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். புதுக்குழாய்களை முளைக்கவைக்கும் புரதத்தை அடக்கும் மருந்து அது, கேட்கப் பயமாக இருந்தாலும் மரத்துப்போக வைத்துத்தான் போடுகிறார்கள். முதலில் மாதாமாதம், பிறகு இடைவெளி விட்டு, பல தடவை போட வேண்டியிருக்கும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் பலர் என்று கண் மருத்துவர்கள் வருத்தப்படுகிறார்கள். புதுக்குழாய் முளைத்த கண்ணுக்கு லேசர். விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான சிறு புள்ளிகளைச் சுட்டு, ரத்தம் கேட்டுக் கூச்சலிடும் பகுதியைக் குறைத்து, நடுமையத்தைக் காப்பாற்றுவது. இருட்டுப் பார்வையும் ஓரப்பார்வையும் கொஞ்சம் குறையலாம். உள்ளே கொட்டிய ரத்தம் வடியாவிட்டாலோ விழித்திரை பிய்ந்தாலோ பெரிய அறுவைச் சிகிச்சை. இவை எல்லாவற்றின் முதல் நோக்கமும் மீதி இருப்பதைப் பிடித்துவைப்பது. புரையில் போனது திரும்பி வந்ததுபோல் இங்கே முழுதாக வருவதில்லை. முத்தட்டும் என்று விட்ட சர்க்கரைக் கண்ணைத் திரும்பக் கொடுக்க அரவிந்தாலும் ஆகாது, சங்கராவாலும் ஆகாது.

புரையும் சர்க்கரையும் ஒரே கண்ணில் சேர்வதும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரமே வருகிறது. லென்ஸ் வைத்த பிறகும் தெளிவு வராவிட்டால், “ஆப்ரேசன் சரியில்லைங்க” என்று ஊரில் பேச்சு கிளம்பும். லென்ஸ் சரியாகத்தான் இருக்கும். பின்னால் விழித்திரை முன்பே கெட்டிருக்கும். இன்னொன்று கண்ணாடி. சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸில் நீர் கூடிக்குறைந்து பார்வை அளவு மாறிக்கொண்டே இருக்கும். ரத்தச் சர்க்கரை எகிறிக் கிடக்கும் வாரத்தில் கண்ணாடி அளவெடுத்து வாங்குவது காசைக் கரியாக்குவது. சில வாரம் கட்டுக்குள் வந்தபிறகு அளவெடுக்க வேண்டும்.

2022-ல் பத்து மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. சர்க்கரை உள்ள, நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் எட்டில் ஒருவருக்கு விழித்திரை பாதிப்பு. நூற்றுக்கு நான்கு பேருக்குப் பார்வையைப் பறிக்கும் கட்டம். மறுபக்கமாகச் சொன்னால், பெரும்பாலோருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமலே வைத்திருக்கச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும், பீடி சிகரெட் கூடாது, வருடத்துக்கு ஒருமுறை கண்பாப்பா விரிய மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். நடுவயதில் சர்க்கரை என்று தெரிந்தவர் தெரிந்த மாதமே முதல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அவருக்கு எத்தனை வருடமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது அல்லவா. முன்பே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்ப்பது அவசியம், அந்த மாதங்களில் விழித்திரை பாதிப்பு வேகம் பிடிக்கும்.

கண் அழுத்த நோயும் இதே ஒளிந்துகொள்ளும் சாதி. ஓரப்பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், நடுப்பார்வை கடைசிவரை இருக்கும். வீட்டில் பெரியவர் யாருக்காவது அது இருந்தால் நாற்பதுக்கு மேல் எல்லோரும் பார்த்துக்கொள்வது நல்லது.

கண் வறட்சிக்கு வருகிறேன். அது யாரையும் குருடாக்குவது அரிது. ஆனால் இன்றைக்குக் கண் டாக்டரிடம் போகும் இளவயதுக்காரர்கள் பலர் சொல்வது இதைத்தான்: மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்துகிறது, சாயங்காலம் எரிகிறது. அன்றைக்கும் கண் எரிந்தது. விறகடுப்பின் புகையில் ஊதி ஊதிப் பெண்களின் கண் எரிந்தது, தறிக்குழியில் நூல் தூசியில் நெசவாளர் கண் எரிந்தது. கேஸ் அடுப்பு வந்து முதல் எரிச்சலை அணைத்தது. செல்போன் வந்து இன்னொன்றை மூட்டியது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைகிறது, இமைத்தாலும் முழுசாக மூடுவதில்லை. கண்ணீர் என்பது வெறும் நீர் அல்ல. கருவிழியோடு ஒட்டிக்கொள்ள அடியில் ஒரு பசை, நடுவில் நீர், ஆவியாகாமல் இருக்க மேலே எண்ணெய் என்று மூன்றும் சேர்ந்த படலம். எண்ணெய் இமை விளிம்பின் சுரப்பிகளிலிருந்து வருகிறது. இமைக்காவிட்டால் எண்ணெய் கட்டிப்போய் நீர் பறந்துவிடும். கண் அதற்குப் பதிலாகச் சத்தில்லாத நீரைக் கொட்டும். “கண்ணுல தண்ணியா ஊத்துது, வறட்சிங்கறாங்களே” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் ஐந்து பத்து நிமிடம் வைப்பது, இமை விளிம்பைச் சுத்தமாக வைப்பது, வேலைக்கு நடுவே தூரத்தைப் பார்ப்பது, வண்டியில் கண்ணாடி போடுவது, மருத்துவர் சொன்ன செயற்கைக் கண்ணீர் என்று செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் வறட்சி கூடுதல், அவர்கள் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை இங்கேயும் கைவைக்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போவதுபோல் கருவிழியின் நரம்புகளும் மரத்துப்போகும். கண் காய்ந்து புண்ணாகியிருக்கும், உறுத்தலே தெரியாது. உறுத்தவில்லை என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து பற்றிக் கோபமாகவே சொல்கிறேன். சிவப்பை உடனே போக்கும் மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. விட்ட அன்றே கண் பளிச்சென்று ஆகும், அதனால் மாதக்கணக்கில் விட்டுக்கொள்கிறார்கள். அது கண் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கொல்லும், புரையையும் வரவைக்கும். கரும்புக்காட்டுக் காயத்தில் விட்டால் இன்னும் மோசம். சோகையும் நெல் உமியும் கீறிய கண்ணில் நம் பக்கம் அதிகம் வருவது பூஞ்சைக் கிருமி, ஸ்டீராய்டு அதற்கு உரம் போட்டதுபோல். இந்தப் பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் என்ற சொட்டு மருந்தே சிறந்தது என்று 2013-ல் உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பலர் விவசாயக் கூலிகள். கண்ணில் அடிபட்டால் அன்றே போக வேண்டும் என்பது ஒன்றே அங்கே செய்ய வேண்டியது. தாய்ப்பால் விடும் வழக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. மெடிக்கல் சொட்டு அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

கண்ணாடி இல்லாத குறையும் உண்டு. பவானி ஜமக்காளம் 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஆனால் குழித்தறியில் நாற்பதைத் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. இருநூறு ரூபாய்ச் சமாசாரம் அது. அசாமில் தேயிலை பறிப்பவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. அவர்கள் பறித்த இலை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. வயதானால் கைவேலை மங்கத்தான் செய்யும் என்று நூலைத் தடவித் தடவி ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது, அவர்கள் இழந்த கூலியை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இனிச் சர்க்கரைக் கண்ணுக்கு என்ன வழி? “நல்லாத் தெரியும்போதே போய்ப் பாருங்க” என்று சொல்வது எளிது. போவதில் உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும். கண்பாப்பா விரிய மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் எல்லாம் மங்கலாக இருக்கும், வெயில் கூசும், வண்டி ஓட்ட முடியாது. கூட ஒருவர் வர வேண்டும். ஆகவே அது இரண்டு பேருடைய ஒருநாள் கூலி. ஆண் என்றால் மனைவி கூடப் போவாள். பெண்ணுக்குச் சர்க்கரை என்றால், கண் நன்றாகத்தானே தெரிகிறது என்ற பேச்சு வீட்டில் இன்னும் வலுவாக எழும். பர்கூர் மலைக் கிராமத்திலிருந்து இறங்க வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் மக்களைக் கண் மருத்துவரிடம் வரச்சொல்வதைவிட, மக்கள் ஏற்கெனவே வருகிற இடத்துக்குக் கருவியைக் கொண்டுபோவதுதான் நடக்கும். 2004 முதல் அரவிந்த் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து, அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் சோதித்து, நகரத்து மருத்துவர் திரையில் பார்த்துச் சொல்லும் முறையைக் கொண்டுவந்து வெற்றி கண்டிருக்கிறது. இப்போது மருந்து விடாமலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்கள் இருக்கின்றன. படத்தைப் பார்த்துப் பாதிப்பு உண்டா இல்லையா என்று கணினியே சொல்லும் முறையைக் கூகுள் 2016-ல் வெளியிட்டது. அதற்குப் பாடம் சொன்ன ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் எடுத்தவையும் உண்டு. நம் ஊர்க் கண்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கருவி அது, நம் ஊருக்குத் திரும்பி வருவது நியாயம். பக்கத்துக் கேரளத்தில் அரசின் குடும்பச் சுகாதார மையங்களிலேயே சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரைப் படம் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கிலாந்து 2003 முதல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கெல்லாம் கடிதம் போட்டுக் கூப்பிட்டு விழித்திரைப் படம் எடுத்தது. 2009–10 கணக்கில், உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் என்ற இடத்தைச் சர்க்கரை விழித்திரை நோய் ஐம்பது வருடங்களில் முதல்முறையாக அங்கே இழந்தது. பெரிய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, நன்றாகத் தெரியும் கண்களைத் தவறாமல் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. யாருக்குச் சர்க்கரை, எந்த வீதி, எத்தனை வருடம் என்ற பட்டியல் செவிலியர் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ‘விழித்திரைப் படம் எடுத்த தேதி’ என்று இன்னொரு கட்டம் சேர வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும் காலையிலேயே, முடிவு வரக் காத்திருக்கும் நேரத்தில், ஒரு நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு கண்ணையும் படம் எடுத்துவிட வேண்டும். தனியாக ஒருநாள் கூலி போகாது, கூட ஆள் வர வேண்டாம், வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம். படம் தெளிவாக விழாதவர்களையும் பாதிப்புத் தெரிந்தவர்களையும் மட்டும் ஈரோட்டுக்கோ கோவைக்கோ அனுப்பினால் போதும். ஆடியில் குருநாதசாமி கோயில் பண்டிகைக்குக் குதிரையும் மாடும் பார்க்கப் புதுப்பாளையத்தில் கூடும் கூட்டத்திலும் அந்தக் கேமராவை ஒரு கொட்டகையில் வைக்கலாம். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை அங்கேதான் பிடிக்க முடியும்.